முதலில் முடியட்டும், பிறகு திருந்தட்டும்

நேர்த்தி எப்போது நோயாகிறது

எழுதத் தகுந்த விஷயங்களுக்குத் திருச்சியின் பொன்மலையில் பஞ்சமில்லை. நாகப்பட்டினத்திலிருந்து இடம் மாறி வந்த ரயில்வே பணிமனை, 1946 செப்டம்பரில் தொழிலாளர்கள் மீது நடந்த துப்பாக்கிச்சூடு, ரயில்வே காலனியில் வளர்ந்த தலைமுறைகள் என ஒவ்வொன்றும் ஒரு புத்தகம். ஆனால் எழுத உட்காருபவரை முதல் பாராவிலேயே அடித்து அடித்து எழுதவைக்கிறது நேர்த்தி மோகம். உளவியலாளர்கள் ஹெவிட்டும் ஃபிளெட்டும் 1991-ல் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: தன்னிடம் குறையின்மையை எதிர்பார்ப்பது, பிறரிடம் எதிர்பார்ப்பது, குறையிருந்தால் உலகம் தன்னை ஏற்காது என்று நம்புவது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் நாடுகளின் கல்லூரி மாணவர்களிடம் 1989 முதல் 2016 வரை திரட்டிய தரவுகளை ஆய்வாளர்கள் கர்ரனும் ஹில்லும் ஆராய்ந்தபோது, மூன்றுமே கூடியிருந்தன. மூன்றாவது வகைதான் மிக வேகமாகக் கூடியிருந்தது. மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் நெருங்கிய தொடர்புள்ளதும் அதுவே. தரம் வேண்டும் என்ற விருப்பம் யாரையும் நோயாளியாக்குவதில்லை. பிழை வந்தால் நம் மதிப்பே போய்விடும் என்ற அச்சம்தான் உறக்கத்தைக் கெடுக்கிறது, வேலையைத் தள்ளிப்போட வைக்கிறது.

தரம் குறைந்துவிடாதா?

'முதலில் முடியட்டும் என்றால், அரைகுறையாக எழுதி வெளியிடச் சொல்கிறீர்களா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். திருச்சியில் பாடம் சொன்ன மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர் உ.வே.சாமிநாதையரைவிடப் பிழைக்கு அஞ்சியவர் தமிழ்ப் பதிப்புலகில் அரிது. அவர்கூட சீவக சிந்தாமணியை 1887-ல் அச்சேற்றினார்; ஐயங்கள் எல்லாம் தீரட்டும் என்று காத்திருக்கவில்லை. வெளியான பின்னும் ஏடு தேடினார், திருத்தினார். இரண்டாம் பதிப்பு 1907-ல் வந்தது. அந்த இருபது ஆண்டும் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்திருந்தால் தமிழுக்கு எவ்வளவு இழப்பு! அதுபோலவே, பொன்மலைப் பணிமனைக்கு நீலகிரி மலை ரயிலின் நீராவி எஞ்சின் பராமரிப்புக்கு வருவதும் ஓடிய பிறகுதான். எழுதுவதும் திருத்துவதும் வேறு வேறு வேலைகள். ஒரே மணி நேரத்தில் இரண்டையும் செய்ய முயன்றால் இரண்டும் கெடும். முதல் பிரதியில் தடுமாற்றம் இருக்கட்டும். அது அப்படியே அச்சேறப் போவதில்லை.

ஊக்கம் எங்கிருந்து வரும்?

மனநிலை கூடிவந்தால்தான் எழுத முடியும் என்பது இன்னொரு வாதம். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த எழுத்தாளர் சுஜாதா, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் பொறியாளராக இருந்துகொண்டே வார இதழ்களுக்குத் தொடர்கதைகள் எழுதினார். வாரக் கெடு மனநிலைக்காகக் காத்திருக்காது. அவருக்குக் கெடு வைக்கப் பத்திரிகை இருந்தது, நமக்கு யார் என்று கேட்பீர்கள். ஞாயிறுதோறும் இரண்டு பக்கத்தை வாங்கிப் படிக்க ஒரு நண்பர் போதும். எழுதும் நேரத்தையும் இடத்தையும் முன்பே குறித்துக்கொள்வது, வெறும் உறுதிமொழியைவிடப் பயன் தருகிறது என்று உளவியலாளர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டுகின்றன. தினமும் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேரம் முடிந்ததும் எழுந்துவிடுங்கள். பக்கம் சேரச்சேர ஊக்கமும் கூடும்.

இத்தனைக்குப் பிறகும் உறக்கமின்மை, இடைவிடாத தன்னிழிவு, எதிலும் விருப்பமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அதைப் புத்தகப் பிரச்சினை என்று ஒதுக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். சிந்தனை-நடத்தை சிகிச்சை நேர்த்தி மோகத்தைக் குறைப்பதாக ஆய்வுகள் கண்டுள்ளன. அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416-ல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.