டயர்ப் புகை: வீடியோ போதாது, மனு கொடுங்கள்

எங்காவது டயர் எரிந்தால் நம் ஆட்கள் உடனே செல்போனை எடுத்து வீடியோ பிடிக்கிறார்கள். அதை வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் நாலு பேர் திட்டுகிறார்கள், அத்தோடு சரி. மறுநாள் அந்த இடத்தில் கருகிய கம்பிச் சுருள் மட்டும் கிடக்கும். புகார் என்று ஒரு தாள்கூட எந்த அலுவலகத்துக்கும் போயிருக்காது. ஊட்டி, குன்னூர், கூடலூர் என எங்கும் இதே கதைதான். குளிர் காய ஒருவர் கொளுத்துகிறார், போகிக்கு ஒருவர், உள்ளே இருக்கும் கம்பியை எடைக்குப் போட ஒருவர், தோட்டத்துக்குள் வந்த யானையை விரட்ட ஒருவர்.

யானையை விரட்டக் கொளுத்திய டயர் என்ன செய்யும் என்பதை 2021 ஜனவரியில் மசினகுடிப் பக்கம் உலகமே பார்த்தது. தங்கும் விடுதி அருகே வந்த காட்டு யானை மீது எரியும் டயரை வீசினார்கள். அது காதில் சிக்கி எரிய, யானை அலறிக்கொண்டு ஓடும் காட்சி பிறகு வெளியானது. ஜனவரி 19 அன்று தெப்பக்காடு முகாமுக்குக் கொண்டுபோகும் வழியில் அந்த யானை இறந்தது. இருவர் கைதானார்கள், விடுதிக்குச் சீல் வைக்கப்பட்டது. யானை, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைக் கொன்றால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை. யானை வந்தால் வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். டயரைக் கொளுத்தாதீர்கள்.

விறகும் எரிகிறது, டயரும் எரிகிறது, என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். டயரில் ரப்பரோடு கந்தகம், துத்தநாக ஆக்சைடு, கார்பன் கரி, எண்ணெய் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. திறந்தவெளியில் அது முழுதாக எரிவதில்லை. கார்பன் மோனாக்சைடும் கந்தக டை ஆக்சைடும், புற்றுநோய் தரும் பென்சீனும் புகையில் வெளியேறுகின்றன. உருகி வழியும் எண்ணெய் மண்ணில் இறங்கி ஓடையைச் சேர்கிறது. அதுவும் மலையில், குளிர்ந்த இரவுகளில் கனத்த காற்று பள்ளத்தாக்கிலேயே தங்கிவிடும். சமவெளியில் கலைந்துபோகும் புகை இங்கே விடியும்வரை வீடுகளைச் சுற்றியே நிற்கும்.

“டயரில் கரண்ட் எடுக்கிறார்களே?” என்று இன்னொரு வாதம். உண்மைதான். ஒரு கிலோ டயரில் ஏறக்குறைய 7,500 முதல் 8,000 கிலோ கலோரி வெப்பம் இருக்கிறது, நம் நாட்டு நிலக்கரியை விட அதிகம். ஆனால் அதை எடுக்கும் முறை வேறு. மூடிய உலையில் எரித்து, வெளிவரும் சூட்டு வாயுவைக் கொதிகலன் வழியே செலுத்தி, நீராவியால் டர்பைனைச் சுற்ற வைக்கிறார்கள். ஆறிய வாயுவில் உள்ள கந்தகத்தைச் சுண்ணாம்பால் பிடித்து, தூசியைப் பை வடிகட்டியில் நிறுத்திய பிறகே புகைபோக்கிக்கு விடுகிறார்கள். சிமெண்ட் சூளையில் 1,450 டிகிரியில் எரியும்போது கம்பிகூட இரும்புச் சத்தாகச் சிமெண்டில் சேர்ந்துவிடும். நம் நாட்டின் 2016 திடக்கழிவு விதிகளே, எரிஉலையின் இரண்டாம் அறையில் 950 டிகிரி வெப்பம் வேண்டும், வாயு இரண்டு நொடியாவது அங்கே தங்க வேண்டும் என்றன.

அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் வெஸ்ட்லி என்ற ஊரில் டயரை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையம் 1987 முதல் ஓடியது. 1999 செப்டம்பரில் அதன் பக்கத்துக் குவியலில் இடி விழுந்தது. சுமார் 70 லட்சம் டயர்கள் ஒரு மாதத்துக்கு மேல் எரிந்தன. உலைக்குள் எரிந்தால் மின்சாரமாகும் அதே டயர் வெளியே எரிந்தால் நஞ்சு. தகர டிரம்மிலோ, தேயிலை ட்ரையருக்குச் சூடு தரும் விறகு அடுப்பிலோ டயரைப் போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாசு கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்சாலைக்குத் தரும் இசைவாணையில் எழுதாத எரிபொருளைப் போடுவது விதிமீறல். அடுப்பில் சிறு ஓட்டை விழுந்தாலும் புகை தேயிலையில் ஏறிவிடும்.

டயரிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலைக்கு நிலம் குத்தகைக்குக் கேட்டு யாராவது வந்தால், மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையையும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதியையும் முதலில் காட்டச் சொல்லுங்கள். நாட்டில் இருந்த 637 எண்ணெய் ஆலைகளில் 270 விதிகளை மீறின என்று 2019-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்திலேயே பதிவானது.

பழைய டயரை வேறு என்ன செய்வது? 2022 ஜூலையில் திருத்தப்பட்ட அபாயகரக் கழிவு விதிகளின்படி, அதை மறுசுழற்சிக்குச் சேர்ப்பது டயர் தயாரிப்பாளர், இறக்குமதியாளர் பொறுப்பு. முதல் ஆண்டில் 35 சதவீதம், அடுத்து 70, 2024-25 முதல் முழுவதும். ஆகவே டயர் மாற்றும் கடையிலேயே பழையதை விட்டுவிடுங்கள். எஸ்டேட் ஒர்க்‌ஷாப், டாக்சி உரிமையாளர்கள் மொத்தமாகக் கொடுக்கும்போது வாங்குபவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவு செய்தவரா என்று பாருங்கள். எடை, தேதி, வண்டி எண் போட்ட ரசீது இல்லாமல் ஒரு டயரையும் ஏற்றாதீர்கள்.

டயர் எரிவதைப் பார்த்தால் மனு எழுதுங்கள். இடம், தேதி, நேரம், எரித்தவர் அல்லது இடத்தின் உரிமையாளர், புகை போன திசை, பாதிக்கப்பட்ட வீடுகள் எல்லாம் அதில் இருக்கட்டும். நகராட்சி ஆணையர் அல்லது பேரூராட்சி செயல் அலுவலர், கிராமமென்றால் வட்டார வளர்ச்சி அலுவலர், கூடவே உதகையில் உள்ள மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர், கோட்டாட்சியர் என எல்லோரையும் ஒரே மனுவில் பெறுநராகப் போடுங்கள். தனித்தனியாக எழுதினால் “எங்கள் எல்லை இல்லை” என்று பந்தாடுவார்கள். ஒவ்வோர் இடத்திலும் நகலில் முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லாத மனு கொடுக்காத மனுதான்.

மனுவில் இரண்டு விஷயங்களைக் குறிப்பிடுங்கள். திறந்தவெளியில் கழிவு எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பர் 22-ல் இட்ட உத்தரவு ஒன்று. தொல்லையை நிறுத்த ஆணையிடும் அதிகாரத்தைக் கோட்டாட்சியருக்குத் தரும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவு இன்னொன்று. வீடியோவின் மூலக்கோப்பைப் போனிலேயே வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் சுருங்கிய நகலில் தேதி, இட விவரம் அழிந்துவிடும். நீதிமன்றம் போனால் புதிய சாட்சியச் சட்டத்தின்படி மின்னணு ஆதாரத்துக்கான 63-ஆம் பிரிவுச் சான்றும் கேட்பார்கள்.

பதில் வராவிட்டால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து மனு எண்ணை வாங்குங்கள். பிறகு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ‘என் மனு மீது என்ன நடவடிக்கை?’ என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அதுவும் வீணானால் சென்னையில் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. இழப்பீடு கேட்காத விண்ணப்பத்துக்குக் கட்டணம் 1,000 ரூபாய், வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஆனால் ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். அந்த ஆறு மாதம் நீங்கள் மனு கொடுத்த நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து எண்ணப்படும். அந்தத் தேதியை இன்றே எழுதி வையுங்கள்.