ஓசையில்லாமல் ஓடும் தண்ணீர்

தண்ணீர் பில் திடீரென்று ஏறிவிட்டால் வீட்டில் முதலில் எழுவது சண்டைதான். "குழாயைத் திறந்து போட்டது யார்?" என்று பிள்ளைகள் மேல் பாய்கிறோம். ஆனால் குழாய்களோ இறுக மூடியிருக்கின்றன, தரையும் காய்ந்திருக்கிறது. பிறகு தண்ணீர் எங்கேதான் போகிறது?

தோட்ட லயங்களில் வரிசைக்கு ஒரு பொதுக்குழாய் இருந்த காலத்தில் இந்தக் கவலை இல்லை. சொட்டினால் பத்துப் பேர் கண்ணில் பட்டுவிடும். தாமான் வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் நிலைமை வேறு. குழாய்கள் சுவருக்குள்ளும் தரைக்கு அடியிலும் ஒளிந்திருக்கின்றன. மீட்டரைத் தாண்டி வீட்டுப் பக்கம் உள்ள குழாய் நம் பொறுப்பு. மண்ணுக்குள் ஒழுகிப் போனதற்கும் நாம்தான் பணம் கட்ட வேண்டும்.

சிறு கசிவுதானே என்று எண்ணாதீர்கள். பத்து நிமிடத்தில் ஒரு லிட்டர் போத்தலை நிரப்பும் கசிவை எடுத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 144 லிட்டர். மண்ணெண்ணெய் டின்னால் அளந்தால் 8 டின். முப்பது நாளில் 4,320 லிட்டர்! 1998-இல் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பங்கீடு வந்தபோது வாளியோடு லாரிக்குக் காத்து நின்றவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உடைக்காதீர்கள், முதலில் கழியுங்கள்

ஈரம் தெரியும் இடம் ஒன்று, ஓட்டை இருக்கும் இடம் வேறொன்று. கசிந்த நீர் குழாயின் மேலேயே ஊர்ந்து, சிமெண்டுக்குள் வழி தேடி, எங்கோ ஒரு மூலையில் தலை காட்டும். அந்த மூலையை உடைத்தால் ஓடும் போகும், கூலியும் போகும். கசிவு மட்டும் அப்படியே இருக்கும். ஆகையால், பள்ளியில் படித்த கழித்தல் கணக்கைப் போல் ஒவ்வொரு பகுதியாக விலக்கிக்கொண்டே வர வேண்டும்.

முதல் இரவு: கூரைத் தொட்டி நிரம்பிய பின் எல்லாக் குழாய்களையும் மூடுங்கள். மீட்டரில் உள்ள எண்களை, சிவப்பு எண்கள் உட்பட, தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கறுப்பு எண்கள் கன மீட்டரைக் காட்டும். 1 கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். விடியும்வரை யாரும் தண்ணீர் எடுக்கக் கூடாது. காலையில் எண் மாறியிருந்தால் கசிவு உறுதி.

இரண்டாம் இரவு: தொட்டிக்குள் நீர் ஏறும் வால்வை அடைத்துவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். எண் அசையவில்லை என்றால் குற்றம் தொட்டியிலோ, தொட்டியிலிருந்து இறங்கும் குழாய்களிலோ இருக்கிறது. எண் மாறினால், மீட்டரிலிருந்து நேராக அடுப்படிக்கும் தொட்டிக்கும் வரும் குழாயில் ஓட்டை. பழைய இரும்புக் குழாய் என்றால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அது துருப்பிடித்து இற்றுப் போகக் கூடியது. வெயில் காலத்திலும் ஓரிடத்தில் மட்டும் புல் செழித்திருக்கிறதா, பாசி படிந்திருக்கிறதா என்று வாசலைப் பாருங்கள்.

தொட்டிப் பக்கம் குற்றம் என்றால்

பல வீடுகளில் திருடன் கழிவறை ஃபிளஷ் தொட்டிதான். துணிக்குப் போடும் நீலத்தை அதில் கொஞ்சம் கரைத்துவிட்டு அரை மணி நேரம் இழுக்காமல் விடுங்கள். கீழே பீங்கானில் நீலம் இறங்கினால் ஆளைப் பிடித்துவிட்டீர்கள். உள்ளே இருக்கும் ரப்பரையோ மிதவையையோ மாற்றினால் போதும். அதற்குச் சில வெள்ளிதான் செலவு. தரையை உடைத்தால் பல நூறு வெள்ளி.

அடுத்து, கூரைத் தொட்டியின் உபரி நீர்க் குழாயைப் பாருங்கள். அதில் நீர் வழிந்தால் மிதவை வால்வு சரியாக மூடவில்லை.

சுடுநீர் ஹீட்டர் உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொட்டி வைத்த ஹீட்டரில் அழுத்தத்தை வெளிவிடும் வால்வு ஒன்று உண்டு. நீர் சூடாகும்போது அதில் சில சொட்டு விழுவது இயல்பு. ஓயாமல் சொட்டினால் பழுது. எரிச்சலில் அதை அடைத்துவிடாதீர்கள். அழுத்தம் போக வழியில்லாமல் ஹீட்டரே வெடிக்கக்கூடும். சுவிட்சை அணைத்துவிட்டுத் தெரிந்தவரை அழையுங்கள். விளக்குக்கு அருகே கூரைப் பலகை ஈரமாயிருந்தால் மெயின் சுவிட்சையே அணைத்துவிடுங்கள். தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்தால் போவது பணமல்ல, உயிர்.

அடுக்குமாடியில் உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு: மேல் வீட்டார் குளித்த பிறகு மட்டும் உங்கள் கூரை நனைந்தால் கழிவுநீர்க் குழாயையோ குளியலறைத் தரையையோ சந்தேகியுங்கள். இரவும் பகலும் ஒரே மாதிரி நனைந்தால் நல்ல தண்ணீர்க் குழாயாக இருக்கலாம். சண்டைக்குப் போகுமுன் மூன்று நாள் நேரம் குறித்து வைத்துக்கொண்டு மேல் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கையில் கணக்கு இருந்தால் குரலை உயர்த்த வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் பிறகு பிளம்பரைக் கூப்பிடுங்கள். குறித்து வைத்த தாளை அவரிடம் காட்டுங்கள். உலோகக் கம்பியைக் குழாயில் ஊன்றிக் காது வைத்து ஓசை கேட்டே இடம் சொல்லும் அனுபவசாலிகள் இருக்கிறார்கள். ஊர் அடங்கிய இரவில் குழாயில் அழுத்தம் கூடுவதால் அந்த ஓசை தெளிவாகக் கேட்கும்.

சிறு துளி பெரு வெள்ளம் என்பது சேமிப்புக்குச் சொன்னது. கசிவுக்கும் அது பொருந்தும். மாதம் ஒருமுறை, படுக்கப் போகுமுன் மீட்டரைப் பார்க்கும் வேலையைப் பிள்ளைகளிடம் ஒப்படையுங்கள். கணக்கும் வரும், காசும் மிஞ்சும்.