171-ஆவது இடத்தில் ஓர் எழுத்து

வேலிக்கம்பில் ஓயாமல் உடம்பைத் தேய்க்கும். ரோமம் திட்டுத்திட்டாகக் கொட்டும். முதுகைச் சொறிந்துவிட்டால் உதட்டைச் சப்புக்கொட்டி வெறும்வாயை மெல்லும். பிறகு நடை தள்ளாடி, மெலிந்து, செத்துப்போகும். ஸ்க்ராப்பி என்ற இந்தச் செம்மறி ஆட்டு நோயை ஐரோப்பியர்கள் 18-ஆம் நூற்றாண்டிலேயே அறிந்திருந்தார்கள். மருந்து இன்றுவரை கிடையாது.

இதைப் பரப்புவது பாக்டீரியாவோ வைரஸோ அல்ல. ஆட்டின் மூளையில் இயல்பாகவே இருக்கும் பிரியான் புரதம் தப்பாக மடிந்துபோய், அக்கம்பக்கத்து நல்ல புரதங்களையும் தன் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. ஸ்டான்லி புருசினர் 1982-இல் இப்படிச் சொன்னபோது பலர் நம்பவில்லை. 1997-இல் அவருக்கு நோபல் பரிசே கிடைத்தது.

ஆனால் ஒரே பட்டியில் அடைபட்ட ஆடுகளில் சில சாகும், சில தப்பும். அது அந்தப் புரதத்துக்கான மரபணுவைப் பொறுத்தது. புரதத்தின் 171-ஆவது இடத்தில் பெரும்பாலும் குளுட்டமின் என்ற அமினோ அமிலம் இருக்கும். மரபணுவில் ஒரே ஒரு எழுத்து, 'ஏ' போய் 'ஜி' வந்தால், அங்கே ஆர்ஜினின் வந்து உட்காரும். அவ்வளவுதான், புரதம் தப்பாக மடிய மறுத்துவிடும். 'ஏஆர்ஆர்' எனப்படும் இந்த வடிவத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற ஆட்டை வழக்கமான ஸ்க்ராப்பி அநேகமாகத் தொடுவதே இல்லை. (1998-இல் நார்வேயில் கண்டறியப்பட்ட வேறொரு வகை ஸ்க்ராப்பி இதற்கெல்லாம் அடங்காது.)

ஐஸ்லாந்துக்கு 1878-இல் இறக்குமதியான ஒரு கிடாவோடு நோய் வந்தது என்பார்கள். நோய் கண்டால் மந்தையையே கொன்று புதைத்தார்கள். ஆனாலும் பிரியான் மண்ணிலும் தொழுவத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடந்து திரும்பத் தாக்கியது. ஏஆர்ஆர் அந்நாட்டு இனத்தில் இல்லவே இல்லை என்றே நம்பியிருந்தார்கள். 2022-இல் கிழக்குப் பகுதியில், தெர்னூனெஸ் என்ற பண்ணையில் அது அகப்பட்டது. அந்த வம்சத்துக் கிடாக்களின் விந்து இப்போது செயற்கைக் கருவூட்டலுக்குப் போகிறது. ஒன்றரை நூற்றாண்டு தொல்லைக்குக் கொலையைவிட இனவிருத்தியே சரியான வழி என்பது என் கட்சி.

வெள்ளாட்டுக்குக் கணக்கு வேறு. அதைக் காப்பவை 146, 222-ஆம் இடங்களில் வரும் மாற்றங்கள். இவற்றைக் கொண்ட வெள்ளாடுகளை, மந்தையில் நோய் கண்டாலும் கொல்ல வேண்டியதில்லை என்று 2020-இல் ஐரோப்பிய ஒன்றியம் விதியைத் திருத்தியது.

எல்லாவற்றையும்விட விசித்திரம் நார்வே நாட்டுக் கறவை வெள்ளாடுகள். அவற்றில் சிலவற்றுக்கு இந்த மரபணுவின் இரு பிரதிகளுமே பழுது. பிரியான் புரதமே சுரப்பதில்லை. மடிவதற்குப் புரதம் இல்லாததால் ஸ்க்ராப்பிக்கும் அங்கே வேலையில்லை. ஆனாலும் அவை மற்ற ஆடுகளைப் போலவே மேய்கின்றன, குட்டி போடுகின்றன, பால் கறக்கின்றன.