குறுமரத்தின் அடிமரக் குற்றமும் அதனைத் திருத்தும் நெறியும்

சிறு தொட்டியிலே மரத்தை வளர்த்து, முதுமரத்தின் தோற்றத்தை அதன்கண் காட்டுங் கலையை யப்பானியர் 'பொன்சாய்' என்பர். இக்கலையின் மூலம் சீன நாட்டுக்குரியது. இம்மரங்கள் தம்மை வளர்ப்போரினும் நெடிது வாழ்வன. 1625ஆம் ஆண்டு தொடக்கம் பேணப்பட்ட வெண்பைன் ஒன்று, 1945இல் இரோசிமாவில் வீழ்ந்த அணுக்குண்டுக்குந் தப்பி, 1976இல் அமெரிக்க மக்களுக்கு அன்பளிப்பாக வழங்கப்பெற்று, இன்று வாசிங்டன் நகரில் நிற்கின்றது. ஆதலின், ஒரு கணத்தில் நாம் இடும் அறுப்பு நமக்குப் பின்வருவார் கண்ணிலும் படும்.

கிளையுங் கொப்பும் சில ஆண்டுகளிற் புதுப்பிக்கத்தக்கன, அடிமரமோ அத்தகையதன்று. தண்டு பருத்தற்குக் காரணமாயது பட்டைக்கும் கட்டைக்கும் இடைப்பட்ட மாறிழையம். அது புதிய காழை வெளிப்புறத்தே சேர்க்குமேயன்றி, உள்ளே ஒருமுறை அமைந்த காழை மெலிவிப்பதில்லை. எனவே புடைத்த இடத்தைச் சுருக்குதல் இயலாது. அதன் கீழ்ப்பகுதியைப் பருக்கச் செய்தலே இயலும். அதற்கென அடியில் ஒரு கிளையைக் கட்டுப்பாடின்றி வளரவிட்டுப் பின்னர் வெட்டிவிடுவர்.

மும்மடல் மேப்பிள் மரமொன்றை எடுத்துக்கொள்வோம். ஓரிடத்தினின்றே நான்கு கிளைகள் எழுந்தமையால் அவ்விடம் புடைத்து, அடி சிறுத்து நடு பருத்து நிற்கின்றது. இதனைக் கண்டவுடன் அரிவாளை எடுப்பவன் பெரும்பாலும் தவறுவான். (எமது முற்றத்து இத்தியொன்றிலே அத்தவற்றை யாமும் செய்துள்ளோம், இத்தி தளிர்த்து எம்மை மன்னித்தது.) முதலில் மேல்மண்ணை விலக்கிப் பார்த்தல் வேண்டும், உண்மையான அடி சில அங்குலம் புதைந்திருத்தலுங் கூடும். பின்னர் மரத்தைச் சுழற்றியும், ஒருபுறஞ் சாய்த்தும் நோக்குக. முகப்பை மாற்றியவுடன் மறையுங் குற்றங்கள் பல. இவற்றுள் எதுவும் மரத்துக்கு ஊறு செய்வதன்று. பயனில்லையெனின் பழைய நிலைக்கே மீளலாம்.

இவையும் உதவாவிடத்து இரண்டு வழிகள் உள. ஒன்று, புடைப்பின் கீழே தண்டைத் தறித்து, புதுத்தளிரொன்றைத் தலைமைத் தண்டாக வளர்த்தல். மற்றொன்று விண்பதியம். புடைப்பின்மீது தண்டின் தடிப்பினும் ஒன்றரை மடங்கு அகலமாகப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரப்பாசியாற் சுற்றிக் கட்டுவர். காழ்வழி நீர் மேலே செல்லும். இலைகள் ஆக்கிய வெல்லமோ உரியம் அறுந்தமையால் வளையத்தின் மேல்விளிம்பிலே தேங்க, அங்கே வேர் பிறக்கும். மாறிழையத்தின் சிறு கீற்று எஞ்சினும் பட்டை மீண்டும் இணைந்துவிடுமாதலின் அதனைச் சுரண்டி நீக்குதல் அவசியம். வேர்விட்டபின் பிரித்து நட்டால், குற்றமாயிருந்த புடைப்பே வேர்பரந்த அடியாகிவிடும்! கீழ்ப்பகுதியும் தளிர்த்து மற்றொரு மரமாதல் கூடும். இதனையே யாம் சிறந்ததாகக் கொள்வோம்.

ஊசியிலை மரங்களுக்கு இந்நெறி முற்றும் பொருந்தாது. பைன் மரத்தைப் பச்சையிலை யாவற்றுக்குங் கீழே தறித்தால் அது பட்டுவிடும். யூனிப்பரிலே குற்றமுள்ள பக்கத்தின் பட்டையை உரித்து, வெளிறிய பட்டமரமாக்கும் வழக்கம் உண்டு. தண்டில் அமைவதை 'ஷாரி' என்றும், கிளையில் அமைவதை 'ஜின்' என்றும் வழங்குவர். ஓமியாவில் பயின்ற கிமுறா மசாகிக்கோ மின்கருவிகளைக் கொண்டு இம்முறையிற் பெரும்புகழ் எய்தினார். எனினும் பிறர் எல்லாக் குற்றத்தையும் உளியாலேயே மறைக்க முயல்வது எமக்கு உவப்பன்று. வேரையும் இலையையும் இணைக்கும் உயிர்ப்பட்டையை அறியாது உரித்தால் அப்பக்கம் முழுவதும் மாளும். யூனிப்பரின் கட்டை பிசின் செறிந்தமையால் நெடுங்காலம் நிலைக்கும்; மேப்பிளின் கட்டையோ விரைவில் உழுத்துப்போம்.

தறித்த மேப்பிளின் புதுத்தண்டு பழைய அடியோடு இயைந்து தோன்றப் பல்லாண்டுகள் செல்லும். அதுகாறும் அதனைத் தொட்டியிலன்றி நிலத்திலே வளரவிடுதல் நன்று. நிலத்திற் புண் விரைந்து மூடும்.