செல்லை அறிந்து செய்த மருந்து

கைக்குக் கிடைத்த சேர்மத்தை நோயுற்ற விலங்குக்குக் கொடுத்துப் பார்ப்பது. பயன் தந்தால் ஏற்பது, தராவிட்டால் அடுத்ததை எடுப்பது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் புதிய மருந்துகள் பெரும்பாலும் இவ்வாறே தேடப்பட்டன. நோய்க்குக் காரணமான செல்லின் வேதியியலை முதலில் ஆராய்ந்து, அதற்கேற்ப மருந்தை வடிவமைக்க இயலும் என்று காட்டியவர்களுள் அமெரிக்க மருந்து வேதியியலாளர் கெர்ட்ரூட் எலியன் குறிப்பிடத்தக்கவர்.

எலியன் 1918ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் பிறந்தார். அவருக்குப் பதினைந்து வயதானபோது, அவர் பெரிதும் நேசித்த தாத்தா வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். அத்துயரமே அவரை வேதியியல் படிக்கத் தூண்டியது. 1937இல் ஹண்டர் கல்லூரியில் பட்டம் பெற்றும், பெண் என்பதால் ஆய்வகங்கள் அவரை ஏற்கவில்லை. உணவுப்பொருள் ஆய்வகம் ஒன்றில் ஊறுகாயின் அமிலத்தன்மையைச் சோதிக்கும் வேலைகூட அவருக்குச் சில காலம் வாய்த்தது. இரண்டாம் உலகப்போரில் ஆண்கள் படைக்குச் சென்றதால் ஆய்வகங்களில் இடம் காலியானது. 1944இல் பரோஸ் வெல்கம் நிறுவனத்தில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் என்பவரின் உதவியாளராக எலியன் சேர்ந்தார். திறமைக்குத் திறவாத கதவைப் போர் திறந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

பகலில் ஆய்வு, மாலையில் முனைவர் பட்டப் படிப்பு எனச் சில ஆண்டுகள் கழிந்தன. முழுநேரமும் படித்தால்தான் பட்டம் என்று கல்வி நிறுவனம் கூறியபோது, எலியன் ஆய்வையே தேர்ந்தெடுத்தார்.

அவருக்கு ஒதுக்கப்பட்டவை பியூரின்கள் என்னும் சேர்மங்கள். செல் ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமானால், அது தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்க வேண்டும். அதற்குப் பியூரின்கள் தேவை. விரைந்து பெருகும் புற்றுநோய்ச் செல்லுக்கு அத்தேவை மிகுதி. அவ்வாறாயின், பியூரினைப் போலவே தோன்றும் போலி ஒன்றைக் கொடுத்தால் என்ன? உண்மை என நம்பிச் செல் அதை எடுத்துக்கொள்ளும், டி.என்.ஏ. உருவாக்கம் தடைபடும். இயற்கைப் பியூரின் ஒன்றில் ஆக்சிஜன் இருந்த இடத்தில் கந்தகத்தைப் பொருத்தி எலியன் உருவாக்கிய 6-மெர்காப்டோபியூரின் அத்தகைய போலியாகும்.

அக்காலத்தில் கடும் இரத்தப் புற்றுநோய்க்கு ஆளான குழந்தைகளுள் பலர் சில மாதங்களிலேயே இறந்தனர். புதிய மருந்தை உட்கொண்ட சில குழந்தைகளின் இரத்தத்தில் நோயின் தடயமே மறைந்தது. 1953இல் அமெரிக்க அரசு மருந்தை ஏற்றது. ஆயினும் நோய் மீண்டும் தலைதூக்கியது, குழந்தைகள் இறந்தனர். மருந்து உடலுக்குள் சென்றபின் என்னவாகிறது, எந்த நொதி அதை மாற்றுகிறது, எங்கே அது வீணாகிறது என்று எலியன் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து ஆராய்ந்தார்.

அவ்வாய்வு எதிர்பாராத வழிகளைத் திறந்தது. 6-மெர்காப்டோபியூரின் உடலின் நோயெதிர்ப்பாற்றலைத் தணிப்பதைப் பிற ஆய்வாளர்கள் கண்டனர். அதனைச் சற்று மாற்றி அமைத்த அசத்தியோபிரின், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் புறக்கணிப்பதைத் தடுத்தது. உறவினர் அல்லாத ஒருவரின் சிறுநீரகத்தைப் பொருத்துவதில் பாஸ்டன் மருத்துவர்கள் 1962இல் வெற்றி காண அம்மருந்து துணைநின்றது. புற்றுநோய் மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கவே அலோபியூரினால் ஆராயப்பட்டது. அந்நொதியே யூரிக் அமிலத்தையும் உண்டாக்குவதால், மூட்டுகளில் அவ்வமிலம் படிந்து கடும் வலி தரும் கௌட் நோய்க்கு அது மருந்தாயிற்று.

எலியனின் குழு 1978இல் அறிவித்த அசைக்ளோவிர் இன்னும் நுட்பமானது. ஹெர்பிஸ் வைரஸின் நொதியே அதனைச் செயல்படத் தூண்டுகிறது. அதனால் வைரஸ் புகாத செல்லுக்கு அது பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. வைரஸை அழிக்கும் மருந்து மனிதச் செல்லையும் அழித்துவிடும் என்னும் அச்சம் அதுவரை மருத்துவ உலகில் பரவலாக இருந்தது.

1988ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு எலியன், ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. முனைவர் பட்டத்தை முறையாகப் படித்துப் பெறாமலேயே அப்பரிசை வென்ற மிகச் சிலருள் எலியனும் ஒருவர். பணி ஓய்வுக்குப் பின்னரும் மருத்துவ மாணவர்களுக்கு ஆய்வு வழிகாட்டி வந்த அவர், 1999இல் மறைந்தார். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குப் பல மருந்துகளை இணைத்துத் தரும் இன்றைய சிகிச்சையில் 6-மெர்காப்டோபியூரினும் இடம்பெறுகிறது. நல்ல மருத்துவ வசதி கிடைக்கும் இடங்களில் பெரும்பாலான குழந்தைகள் இப்போது பிழைத்துக்கொள்கின்றனர்.