கடலுக்கடியில் ஒரு மூளை!

குட்டீஸ்! கடலுக்கு அடியில் பெரிய மூளை ஒன்று உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் மன்னார் வளைகுடாவில் முக்குளிப்பவர்கள் அதைப் பார்க்கிறார்கள். உருண்டையாக, மேலெல்லாம் வளைந்து நெளிந்த வரிகளோடு இருக்கும் அதன் பெயர் மூளைப் பவளம். பெயரில்தான் மூளை; அதற்கு மூளையே கிடையாது!

தொட்டால் கல் மாதிரி இருக்கும். ஆனால், 'பாலிப்' என்னும் குட்டி விலங்குகள் கூட்டமாகச் சேர்ந்து கட்டிய வீடு அது. இவை ஜெல்லி மீனுக்குச் சொந்தக்காரர்கள். கடல்நீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்து, தங்கள் அடியில் கெட்டியாகக் கட்டிக்கொள்கின்றன. பல பவளங்களில் ஒவ்வொரு பாலிப்புக்கும் தனி அறை உண்டு. மூளைப் பவளத்திலோ நடுச்சுவரே இல்லாமல் ஒரே பள்ளத்தில் வரிசையாக வாழ்கின்றன. அந்தப் பள்ளங்கள்தான் நமக்கு மூளை மடிப்பாகத் தெரிகின்றன.

சாப்பிடுவதற்கும் கழிவைத் தள்ளுவதற்கும் பாலிப்புக்கு ஒரே வாய்தான். (முகம் சுளிக்காதீர்கள்!) இரவில் குட்டிக் கைகளை நீட்டி, நீரில் மிதந்துவரும் நுண்ணுயிர்களைப் பிடிக்கும். பகலில்? அதன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசிகள் வெயிலைக் கொண்டு உணவு சமைத்துத் தருகின்றன. பவளத்துக்கு நிறம் தருவதும் பெரும்பாலும் அவைதான்.

மன்னார் வளைகுடாவில் மான்கொம்புப் பவளம், மேசைப் பவளம் என்று 100-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. மான்கொம்பு ஒரே ஆண்டில் 10 செ.மீ. கூட வளர்ந்துவிடும். மூளைப் பவளம் 1 செ.மீ. வளர்ந்தாலே பெரிது. கால்பந்து அளவு மூளைப் பவளம் ஒன்று உங்களைவிட வயதில் மூத்ததாக இருக்கலாம்!

இத்தனை மெதுவாக வளர்ந்ததை மனிதர்கள் கடப்பாரையால் பெயர்த்தார்கள். வீடு கட்ட, சுண்ணாம்பு தயாரிக்க என்று பல ஆண்டுகள் படகு படகாக அள்ளினார்கள். 1964 புயலில் சிதைந்த தனுஷ்கோடி தேவாலயத்தின் சுவர்களில் பவளக் கற்களைக் காணலாம். அலையின் வேகத்தைத் தடுத்து நிறுத்துவது பவளத் திட்டுதான். அது போனதும், அலை நேராகத் தீவின் மணலை அரித்தது. இங்குள்ள 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலில் மூழ்கிவிட்டன. 2001-ல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு!

கடப்பாரை ஓய்ந்தது, அடுத்து வெப்பம் வந்தது. நீர் அதிகம் சூடானால் பவளம் தன் நுண்பாசிகளை வெளியே துரத்திவிடும். சமையல்காரர் போனதும் பவளம் வெளுத்துப் பட்டினி கிடக்கும். சீக்கிரம் நீர் குளிர்ந்தால் பாசிகள் திரும்பும், இல்லாவிட்டால் சாவுதான். 2010, 2016 கோடைகளில் இங்கே நிறையப் பவளங்கள் இப்படி மடிந்தன. வேகமாக வளரும் மான்கொம்புக்குத்தான் அதிகச் சேதம். மெதுவாக வளரும் மூளைப் பவளம் போன்ற உருண்டை வகைகள் அதைவிடத் தாக்குப்பிடித்தன.

தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் உயிருள்ள பவளத் துண்டுகளைச் சிமென்ட் பலகைகளில் கட்டிக் கடலடியில் நட்டு வருகிறார்கள். நம் வீட்டில் முருங்கைக் கிளையை ஒடித்து நடுவோமே, அதே மாதிரி!