அடிபந்தாட்டப் புகழவைத் தகுதி விவாதம்

அடிபந்தாட்டப் புகழவைத் தகுதி விவாதம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் தேசிய அடிபந்தாட்டப் புகழவையில் எந்தெந்த ஆட்டக்காரர்களுக்கு இடம் தரலாம் என்பது குறித்து நடந்துவரும் கருத்து வேறுபாட்டைக் குறிக்கும். அடிபந்தாட்டம் என்பது ஆங்கிலத்தில் பேஸ்பால் எனப்படும் விளையாட்டாகும். முதல் தேர்தல் நடந்த 1936 ஆம் ஆண்டிலிருந்து இன்றுவரை இவ்விவாதம் ஓயவில்லை. ஆட்டத்திறனை எதைக் கொண்டு அளப்பது, ஆட்டக்காரரின் நடத்தையைக் கணக்கில் எடுக்கலாமா, வாய்ப்பே மறுக்கப்பட்டவரை எவ்வாறு மதிப்பிடுவது ஆகிய மூன்று கேள்விகளே இதற்கு அடிப்படை. இவை வெவ்வேறு கேள்விகள். இவற்றை ஒன்றாகக் கலந்து பேசுவதாலேயே பல வாதங்கள் முடிவின்றி நீள்கின்றன.

புகழவையும் தேர்தல் முறையும்

புகழவை நியூயார்க் மாநிலத்தில் உள்ள கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் அமைந்துள்ளது. அப்னர் டபுள்டே என்பவர் 1839 ஆம் ஆண்டில் இவ்வூரில் இந்த விளையாட்டை உருவாக்கினார் என்ற நம்பிக்கையால் இவ்வூர் தேர்ந்தெடுக்கப்பட்டது. அந்நம்பிக்கைக்குச் சான்று இல்லை என வரலாற்றாசிரியர்கள் பின்னர் நிறுவினர். 1936 ஆம் ஆண்டில் டை காப், பேப் ரூத், ஹோனஸ் வாக்னர், கிறிஸ்டி மேத்யூசன், வால்டர் ஜான்சன் ஆகிய ஐவர் முதன்முதலாகத் தேர்வு பெற்றனர். கட்டடம் 1939 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திறக்கப்பட்டது.

ஆட்டக்காரர்கள் இரண்டு வழிகளில் தேர்வு பெறலாம். முதல் வழி, அமெரிக்க அடிபந்தாட்ட எழுத்தாளர் சங்கத்தின் வாக்கெடுப்பு. சங்கத்தில் பத்து ஆண்டுகள் தொடர்ந்து உறுப்பினராக இருந்த செய்தியாளர்கள் இதில் வாக்களிக்கின்றனர். குறைந்தது பத்துப் பருவங்கள் ஆடி, ஓய்வு பெற்று ஐந்து ஆண்டுகள் கழிந்தவர் வாக்குச்சீட்டில் இடம்பெறலாம். ஒருவர் அதிகபட்சம் பத்துப் பெயர்களைத் தெரிவு செய்யலாம். 75 விழுக்காடு வாக்குகள் பெறுபவர் தேர்வாவார். 5 விழுக்காட்டுக்குக் கீழே பெறுபவர் பட்டியலிலிருந்து நீங்குவார். முன்பு பதினைந்து ஆண்டுகள் வரை பட்டியலில் இருக்கலாம் என்றிருந்த காலவரம்பு, 2014 ஆம் ஆண்டில் பத்தாகக் குறைக்கப்பட்டது.

இரண்டாம் வழி, காலகட்டக் குழுக்கள். எழுத்தாளர்களின் வாக்கெடுப்பில் தேர்வாகாதவர்களைப் பதினாறு பேர் கொண்ட குழு மீண்டும் ஆராய்கிறது. இதில் பன்னிரண்டு வாக்குகள் தேவை.

விதியில் உள்ள இருவகைச் சொற்கள்

ஆட்டக்காரரின் சாதனைப் பதிவு, ஆட்டத்திறன், நேர்மை, விளையாட்டுப் பண்பு, ஒழுக்கம், அணிக்கு ஆற்றிய பங்களிப்பு ஆகியவற்றைக் கருதி வாக்களிக்க வேண்டும் என்று எழுத்தாளர்களுக்கான விதி கூறுகிறது. இவற்றுள் சாதனை, திறன், பங்களிப்பு ஆகியவை களத்தில் நிகழ்ந்தவை. அவற்றை ஓரளவு அளக்கலாம். நேர்மை, ஒழுக்கம் ஆகியவற்றுக்கு அளவுகோல் இல்லை. இரண்டில் எதற்கு எவ்வளவு எடை தருவது என்பதையும் விதி கூறவில்லை. ஒரே விதியைப் படித்த இரு வாக்காளர்கள் நேர் எதிரான முடிவுக்கு வருவதற்கு இதுவே காரணம்.

புள்ளிவிவரங்கள் பற்றிய விவாதம்

நீண்ட காலமாகச் சில முழு எண்களே தகுதியின் அடையாளமாகக் கருதப்பட்டன. மட்டையாளருக்கு 3000 ஹிட்கள் அல்லது 500 ஹோம் ரன்கள், பந்து எறிபவருக்கு 300 வெற்றிகள் என்பன அவை. மட்டையாளர் தம் அடியால் பாதுகாப்பாக ஒரு தளத்தை அடைவது ஹிட் எனப்படும். பந்தை மைதான வேலிக்கு அப்பால் அடிப்பது பெரும்பாலும் ஹோம் ரன் ஆகும்.

பந்து எறிபவரின் வெற்றி எண்ணிக்கையில் ஒரு குறை உண்டு. அவர் சிறப்பாக எறிந்தாலும், அவருடைய அணி ஓட்டங்கள் எடுக்காவிட்டால் வெற்றி அவர் கணக்கில் சேராது. பெர்ட் பிளைலெவன் 287 வெற்றிகளுடன் ஓய்வு பெற்றார். 1998 ஆம் ஆண்டில் அவருக்குக் கிடைத்தது 17.5 விழுக்காடு வாக்குகளே. அவர் 3701 மட்டையாளர்களை ஸ்ட்ரைக் அவுட் முறையில் வெளியேற்றியவர் என்பதையும், வெற்றி எண்ணிக்கை அணியைச் சார்ந்தது என்பதையும் ஆய்வாளர்கள் தொடர்ந்து எடுத்துக்காட்டினர். 2011 ஆம் ஆண்டில், பதினான்காம் முயற்சியில், அவர் தேர்வு பெற்றார். இடைப்பட்ட காலத்தில் அவர் ஒரு பந்துகூட எறியவில்லை. அவரை அளந்த முறைதான் மாறியது.

இம்மாற்றத்தின் விளைவாக, எளிதில் கிடைக்கும் ஒரு மாற்று ஆட்டக்காரரை விட ஒருவர் தம் அணிக்கு எத்தனை வெற்றிகளைக் கூடுதலாக ஈட்டித் தந்தார் எனக் கணக்கிடும் அளவை பரவலானது. இது ‘வார்’ என்று சுருக்கமாக அழைக்கப்படுகிறது. ஜே ஜாஃபி என்னும் எழுத்தாளர் இதைக் கொண்டு ‘ஜாஸ்’ என்னும் முறையை வகுத்தார். ஒருவரின் வாழ்நாள் மதிப்பையும், அவருடைய சிறந்த ஏழு பருவங்களின் மதிப்பையும் சராசரியாக்கி, அதே இடத்தில் ஆடிப் புகழவையில் உள்ளவர்களின் சராசரியோடு ஒப்பிடுவது அம்முறை.

ஆடிய இடமும் கணக்கில் வரும். டென்வர் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1600 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்குக் காற்று அடர்த்தி குறைவு என்பதால் பந்து அதிக தூரம் செல்லும். பல பருவங்கள் அங்கு ஆடிய லாரி வாக்கரின் சாதனைகளை வாக்காளர்கள் ஐயத்துடன் நோக்கினர். மைதானத்தின் உதவியைக் கழித்துக் கணக்கிட்ட பின்னும் அவர் சிறந்தவரே என்ற வாதம் வலுப்பெற, தம் பத்தாவதும் இறுதியுமான ஆண்டில், 2020 இல், அவர் தேர்வு பெற்றார்.

எனினும் இருவழித் தேர்வு முறை சீரற்ற முடிவுகளையும் தந்துள்ளது. லூ விட்டேக்கர், ஆலன் டிரம்மெல் ஆகிய இருவரும் டெட்ராய்ட் அணியில் அடுத்தடுத்த இடங்களில் நின்று, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சேர்ந்து ஆடியவர்கள். டிரம்மெல்லைக் காலகட்டக் குழு 2017 ஆம் ஆண்டில் தேர்ந்தெடுத்தது. விட்டேக்கர் 2001 ஆம் ஆண்டின் வாக்கெடுப்பில் 2.9 விழுக்காடு மட்டுமே பெற்று முதல் ஆண்டிலேயே நீங்கினார். மறுபுறம், எழுத்தாளர்களிடம் 6.1 விழுக்காட்டுக்கு மேல் ஒருபோதும் பெறாத ஹரோல்ட் பெயின்ஸ் 2018 ஆம் ஆண்டில் குழுவின் வழியே தேர்வானார். அவருடைய முன்னாள் அணி உரிமையாளரும் முன்னாள் மேலாளரும் அக்குழுவில் இருந்ததால் அத்தேர்வு விமர்சனத்துக்கு உள்ளானது.

சூதாட்டமும் தடையும்

1919 ஆம் ஆண்டின் உலகத் தொடரில் பணம் பெற்றுக்கொண்டு தோற்றதாக சிக்காகோ வொயிட் சாக்ஸ் அணியின் எட்டு ஆட்டக்காரர்கள் மீது குற்றம் சாட்டப்பட்டது. வழக்கில் நடுவர் குழு அவர்களை விடுவித்தது. ஆயினும் ஆணையர் கெனசா மவுண்டன் லேண்டிஸ் 1921 ஆம் ஆண்டில் எட்டுப் பேருக்கும் வாழ்நாள் தடை விதித்தார். அவர்களுள் ஒருவர் ஜோ ஜாக்சன். அவர் 5000 டாலர் பெற்றதை ஒப்புக்கொண்டார். ஆனால் அதே தொடரில் அவருடைய மட்டையடிச் சராசரி 0.375, களத்தில் அவர் பிழை எதுவும் செய்யவில்லை. அவர் தோற்பதற்காக ஆடினாரா என்ற கேள்வி இன்றும் எழுப்பப்படுகிறது.

பீட் ரோஸ் 4256 ஹிட்களுடன் சாதனை படைத்தவர். சின்சினாட்டி அணியின் மேலாளராக இருந்தபோது ஆட்டங்களின் மீது பந்தயம் கட்டியது தொடர்பாக 1989 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவருக்கு நிரந்தரத் தடை விதிக்கப்பட்டது. தடைப் பட்டியலில் உள்ளவர் வாக்குச்சீட்டில் இடம்பெற முடியாது என்ற விதியைப் புகழவை 1991 ஆம் ஆண்டில் கொண்டுவந்தது. பல ஆண்டுகள் மறுத்துவந்த ரோஸ், தம் அணியின் மீதும் பந்தயம் கட்டியதை 2004 ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டார். தம் அணி வெல்லும் என்றே பந்தயம் கட்டியதாக அவர் கூறினார்.

அவர் ஆட்டக்காரராகச் செய்த சாதனைக்கும் மேலாளராகச் செய்த தவறுக்கும் தொடர்பில்லை என்பது ஆதரவாளர்களின் வாதம். முடிவு முன்னரே விலைபேசப்பட்டதோ என்ற ஐயம் வந்துவிட்டால் விளையாட்டே பொருளிழக்கும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். ரோஸ் 2024 ஆம் ஆண்டு செப்டம்பரில் காலமானார். நிரந்தரத் தடை இறப்போடு முடிகிறது என ஆணையர் ராப் மேன்ஃபிரெட் 2025 ஆம் ஆண்டு மே மாதத்தில் அறிவித்தார். இதனால் ரோஸ், ஜாக்சன் இருவரும் பரிசீலனைக்குத் தகுதி பெற்றனர்.

ஊக்கமருந்துக் காலம்

பேரி பாண்ட்ஸ் 762 ஹோம் ரன்கள் அடித்து முதலிடத்தில் உள்ளார்; மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதை ஏழு முறை பெற்றவர். ரோஜர் கிளெமன்ஸ் 354 வெற்றிகளும் பந்து எறிபவர்களுக்கான சை யங் விருதுகள் ஏழும் பெற்றவர். இருவரும் ஊக்கமருந்து பயன்படுத்தியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. தெரிந்தே பயன்படுத்தவில்லை என்றார் பாண்ட்ஸ்; கிளெமன்ஸ் முற்றிலும் மறுத்தார். 2013 முதல் 2022 வரை பத்து ஆண்டுகள் வாக்குச்சீட்டில் இருந்த அவர்கள், இறுதி ஆண்டில் முறையே 66.0, 65.2 விழுக்காடு பெற்றுத் தேர்வை இழந்தனர். அதே 2022 இல் காலகட்டக் குழுவும் அவர்களை ஏற்கவில்லை.

இங்கு இரு தரப்பிலும் வலுவான வாதங்கள் உள்ளன. மருந்தின் துணையின்றி ஆடியவர்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியை ஒரு தரப்பு சுட்டுகிறது. பிடிபட்டவருக்குத் தண்டனை அளிக்கும் சோதனை 2004 ஆம் ஆண்டில்தான் தொடங்கியது என்பதையும், அக்காலத்தில் யார் யார் பயன்படுத்தினர் என்பதை முழுமையாக அறிய இயலாது என்பதையும் மறுதரப்பு சுட்டுகிறது. அக்காலத்தில் ஆணையராக இருந்த பட் செலிக் 2017 ஆம் ஆண்டில் புகழவையில் சேர்க்கப்பட்டார். மேற்பார்வையிட்டவருக்கு இடமளித்துவிட்டு ஆடியவரை மட்டும் விலக்குவது முறையா என்ற கேள்வி அதன்பின் வலுத்தது.

புகழவை என்பது பட்டயக்கூடமும் அருங்காட்சியகமும் சேர்ந்தது என்பதை இவ்விடத்தில் நினைவில் கொள்ள வேண்டும். தேர்வு பெற்றவர்களின் உருவம் பொறித்த வெண்கலப் பட்டயங்கள் பட்டயக்கூடத்தில் உள்ளன. விளையாட்டின் வரலாற்றுப் பொருட்களை அருங்காட்சியகம் பேணுகிறது. பாண்ட்ஸ் 2007 ஆம் ஆண்டில் முந்தைய சாதனையை முறியடித்து அடித்த 756 ஆம் ஹோம் ரன் பந்து, ஐயத்தைக் காட்டும் நட்சத்திரக் குறி பொறிக்கப்பட்ட நிலையில் அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது. அவர் தேர்வு பெறாததால் வரலாற்றிலிருந்து நீக்கப்பட்டார் என்று கூறுவது சரியன்று. மறுக்கப்பட்டிருப்பது சிறப்பு மட்டுமே.

வாய்ப்பு மறுக்கப்பட்டவர்கள்

19 ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 1947 ஆம் ஆண்டில் ஜாக்கி ராபின்சன் களமிறங்கும் வரை, கறுப்பின ஆட்டக்காரர்களுக்குப் பெருங்கூட்டமைப்புகளில் இடமில்லை. அவர்கள் நீக்ரோ லீக்குகள் எனப்பட்ட தனிக் கூட்டமைப்புகளில் ஆடினர். ஜோஷ் கிப்சன் 1947 ஜனவரியில், ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதங்கள் முன்பு காலமானார். சாட்செல் பேஜ் 1948 ஆம் ஆண்டில் தம் 42 ஆம் வயதில்தான் பெருங்கூட்டமைப்பில் சேர முடிந்தது. பத்துப் பருவங்கள் என்ற விதி இத்தகையோரின் வழியை அடைத்தது.

1966 ஆம் ஆண்டில் டெட் வில்லியம்ஸ் தம் ஏற்புரையில், பேஜ், கிப்சன் போன்றோரையும் சேர்க்க வேண்டும் என்று கோரினார். 1971 ஆம் ஆண்டில் பேஜ் தேர்வானபோது அவர்களுக்கெனத் தனிப்பகுதி அமைக்கத் திட்டமிடப்பட்டது. மீண்டும் பிரித்து வைப்பதா என்ற எதிர்ப்பால் அது கைவிடப்பட்டு, முழு உரிமை வழங்கப்பட்டது. கிப்சன் 1972 ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டார்.

2006 ஆம் ஆண்டில் சிறப்புக் குழுவொன்று பதினேழு பேரைத் தேர்ந்தெடுத்தது. அவர்களுக்காகப் பல்லாண்டு குரல் கொடுத்த பக் ஓநீல் அப்பட்டியலில் இல்லை. ஆயினும் 94 வயதான அவர் விழாவுக்கு வந்து, மறைந்த அப்பதினேழு பேருக்காகவும் உரையாற்றினார். அதே ஆண்டு அக்டோபரில் அவர் காலமானார். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2021 டிசம்பரில், ஒரு குழு அவரைத் தேர்ந்தெடுத்தது.

2024 ஆம் ஆண்டில் நீக்ரோ லீக்குகளின் புள்ளிவிவரங்கள் அலுவல்முறைப் பதிவில் இணைக்கப்பட்டன. அதன்படி வாழ்நாள் மட்டையடிச் சராசரியில் கிப்சன் 0.372 உடன், டை காப்பின் 0.367 ஐ முந்தி முதலிடம் பெற்றார். எண்கள் நடுநிலையானவை என்று கொள்ளும் முன், யாரை ஆட விட்ட களத்தில் அவை ஈட்டப்பட்டன என்பதையும் கேட்க வேண்டும் என்பதற்கு இது சான்று. கறுப்பின ஆட்டக்காரர்களுடன் ஆட மறுத்த கேப் ஆன்சன் 1939 ஆம் ஆண்டிலேயே புகழவையில் சேர்க்கப்பட்டவர். ஒழுக்கம் குறித்த விதி எல்லாக் காலத்திலும் ஒரே வகையில் செயற்படவில்லை என்பதை அவரைப் போன்றோரின் பட்டயங்கள் காட்டுகின்றன.

விவாதத்தை அணுகும் முறை

ஒரு பெயர் முன்வைக்கப்படும்போது சில கேள்விகளைத் தனித்தனியே கேட்பது பயன் தரும். அவர் தம் காலத்தில், தம் இடத்தில் ஆடியவர்களுள் எந்நிலையில் இருந்தார்? அவர் மீதான குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்பட்டதா, ஐயமாக மட்டும் உள்ளதா? அக்குற்றம் ஆட்டத்தின் முடிவைப் பாதித்ததா? அதே அளவுகோல் முன்னரே சேர்க்கப்பட்டவர்களுக்கும் பொருத்தப்பட்டதா? முதல் கேள்விக்குப் புள்ளிவிவரங்கள் விடை தரும். மற்றவற்றுக்கு விடை தேடுவோர் சான்றுகளோடு நியாய உணர்வையும் துணை கொள்ள வேண்டியுள்ளது.

தொடக்ககால ஆட்டக்காரர்களுக்கான குழு அடுத்து 2027 டிசம்பரில் கூடவுள்ளது. ரோஸ், ஜாக்சன் இருவரின் பெயர்களும் அதன் முன் வரக்கூடும். அவர்கள் சிறந்த ஆட்டக்காரர்கள் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆட்டத்தின் மீதான நம்பிக்கைக்கு ஊறு செய்தவருக்கும் பட்டயம் வழங்கலாமா என்பதையே அக்குழு முடிவு செய்ய வேண்டியிருக்கும்.